புல்தரையில் மூக்கிரட்டை: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பகுதிகளில் வீட்டுப் புல்தரை வளர்க்கும் உறுப்பினர்கள் பலர், பிடுங்கப் பிடுங்க மூக்கிரட்டைக் களை மீண்டும் தழைப்பதாக எழுதியிருந்தீர்கள். தரையோடு படர்வதால் புல்வெட்டும் இயந்திரத்தில் அது சிக்குவதில்லை. கையால் இழுத்தாலோ தண்டு மட்டும் அறுந்து, பருத்த ஆணிவேர் மண்ணுக்குள்ளேயே தங்கி, சில வாரங்களில் புதுத் தளிர் விடுகிறது. ஆகவே மாலையில் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை மண் இளகியிருக்கும்போது, குறுகிய களைக்கொத்தை வேரை ஒட்டிச் செங்குத்தாக இறக்கி, வேரை முழுவதுமாக நெம்பி எடுங்கள். சென்ற வாரம் என் வீட்டு வாசலில் எடுத்த ஒரு வேர் ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருந்தது.

சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் காயாகும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிசுபிசுப்பான அந்தக் காய்கள் புடவை ஓரத்திலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் போய்விடும். எடுத்த குழியை மணலும் மட்கிய எருவும் கலந்து மூடி, புல் பதியுங்கள்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி புல்லையும் சேர்த்தே கருக்கிவிடும். தயவுசெய்து அதை நாட வேண்டாம். அகன்ற இலைக் களைகளுக்கென்றே உள்ள 2,4-டி மருந்தும், கடற்காற்று வீசும் நம் பகுதியில், பக்கத்து வீட்டுத் தக்காளி, ரோஜாச் செடிகளின் மேல் பட்டு இலைகளை முறுக்கிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. மூக்கிரட்டையைக் கீரையாகச் சமைப்பவர்கள், மருந்து தெளித்த தரையிலிருந்து ஒரு தளிரைக்கூடப் பறிக்காதீர்கள்.