டைக் வீதி வீட்டுச் சாவி

திருகோணமலை
2025 பெப்ரவரி 16

அன்பின் சுமதி,

நீ அண்ணாவிடம் கொடுத்தனுப்பிய சாவிக்கொத்து போன கிழமை கைக்கு வந்தது. நாலு சாவியில் மூன்றுதான் வேலை செய்கின்றன. முன்கதவுப் பூட்டு கறள் பிடித்து இறுகிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் குசினிக் கதவால்தான் உள்ளே போனேன். சண்முகாவில் படித்த காலத்திலும் உங்கள் வீட்டுக்கு நான் அந்தக் கதவால்தானே வருவேன்.

வீட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதற்குக் கொஞ்சம் மனத்தைத் தயார்படுத்த வேண்டும். முதலில், விற்கப்போகிற வீடுகளை ஒழுங்குபடுத்திக் காட்டும் என் தொழிலைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "உண்மையாகவே இதில் பிழைக்கிறாயா?" என்று கேட்டிருந்தாய். பிழைக்கிறேன். நானும் பிழைத்து, இன்னும் இரண்டு பேருக்கு மாதச் சம்பளமும் கொடுக்கிறேன்.

தொடக்கம் உன்னால்தான். கனடாவில், ஸ்காபரோவில் உங்கள் வீட்டை விற்கும்போது ஒரு பெண் வந்து உன் சாமான்களில் பாதியைக் கராஜுக்குள் அடுக்கிவிட்டு, வாடகைக்கு எடுத்த சோபா செட்டியும் விளக்குகளும் கொண்டுவந்து வைத்ததை நீ தொலைபேசியில் சொன்னாய். அன்றிரவு நான் தூங்கவில்லை. ஹோம் ஸ்டேஜிங் என்று தேடித் தேடி வாசித்தேன். 1972இல் சியாட்டில் பக்கத்தில் வீடு விற்றுக் கொடுத்துவந்த பார்ப் சுவார்ட்ஸ் என்ற அம்மையார் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அரை நூற்றாண்டாக ஒரு தொழில் நடக்கிறது, தளபாடக் கடையில் பதினொரு வருடம் கணக்கு எழுதிய எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அது 2022. ரூபாய் விழுந்து, பெயிண்டும் பிளைவுட்டும் தொட முடியாத விலைக்குப் போன நேரம். அதே வருடம்தான் ஊரில் எத்தனையோ பேர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார்கள். உவர்மலையில் ஒரு குடும்பம் முதிரைக் கட்டிலை விற்றது. பாலையூற்றில் நாலு பிரம்புக் கதிரை, லிங்கநகரில் ஒரு தேக்கு மேசை. கையில் இருந்த நகையை அடகு வைத்து வாங்கினேன். பயந்து பயந்துதான் வாங்கினேன். என்னுடைய தொழிலின் முதல் சாமான்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுப்போனவை. இன்றைக்கும் அந்தக் கட்டிலை ஒரு வெறும் அறையில் போடும்போது அந்தக் குடும்பத்தை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியப் போனபோது, என்ன தொழில் என்று எழுதுவது எனத் தெரியாமல் நானும் அலுவலகத்துத் தம்பியும் கொஞ்ச நேரம் யோசித்தோம். ஊரில் என்னை "வீடு சோடிக்கிற அக்கா" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. கலியாண வீட்டுக்குச் சோடனை என்றால் பூவும் துணியும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நான் போகிற வீட்டில் முதல் இரண்டு நாளும் எடுப்பதுதான் வேலை. இருக்கிற சாமானில் மூன்றில் ஒரு பங்கையாவது வெளியே எடுத்தால்தான் சுவரும் நிலமும் கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு யன்னல் கண்ணாடியில் படிந்த உப்பைக் கழுவ வேண்டும். கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் அது மட்டுமே அரைநாள் வேலை. பிறகு பல்ப். எங்கள் ஆட்கள் எல்லா அறைக்கும் கடைவெளிச்சம் போல 6500 கெல்வின் வெள்ளை பல்ப் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றி 2700 அல்லது 3000 கெல்வின் இளமஞ்சள் பல்ப் போட்டால் அதே சுவர், அதே செட்டி, ஆனால் பின்னேரம் வந்து நிற்கிறவர் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் போல் நினைப்பார்.

ஆளில்லாத வீடு வேறு கதை. வெறுமையாக விட்டால் அறை பெரிதாகத் தெரியும் என்று சொந்தக்காரர் எல்லாரும் நம்புகிறார்கள். அளவு காட்ட ஒன்றும் இல்லாத அறை சின்னதாகத்தான் தெரியும். ஒரு கட்டிலைப் போட்டு, அதைச் சுற்றி ஆள் நடக்க வழி விட்டுக் காட்டினால்தான் "ஓ, அலுமாரிக்கும் இடம் இருக்கு" என்பார்கள். நான் பன்பாயும், மருதமுனைக் கைத்தறியில் தைத்த குஷன் உறையும், பிரம்பும் வைத்தே பெரும்பாலும் சமாளிக்கிறேன். தொடக்கத்தில் பளபளவென்று இரண்டு பலகை அலுமாரி வாங்கினேன். முதல் மாரியிலேயே ஊதி, கதவு மூட முடியாமல் போய்விட்டது. இந்த உப்புக்காற்றில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நிற்காது.

நீ அனுப்பிய அமெரிக்க வீட்டு முகவர் சங்கத்தின் 2023 அறிக்கையை இரண்டு தரம் வாசித்தேன். வாங்குபவர்களின் முகவர்களில் 81 வீதமானவர்கள், ஸ்டேஜிங் செய்த வீட்டில் தாங்கள் குடியிருப்பதை வாங்குபவரால் இலகுவாகக் கற்பனை செய்ய முடிகிறது என்கிறார்கள். முக்கியமான இடங்களாக முன் ஹோல், பெரிய படுக்கையறை, குசினி என்று வரிசை வேறு போட்டிருக்கிறார்கள். இங்கே அந்த வரிசை செல்லாது, சுமதி. வருகிறவர் நேரே கிணற்றடிக்குப் போகிறார். ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்க்கிறார், உவரா நல்ல தண்ணியா என்று. கடற்கரைப் பக்கம் என்றால் அடுத்த கேள்வி, "2004இல் தண்ணி எங்கே மட்டும் வந்தது?" அதற்குப் பிறகு காணி உறுதியைக் கேட்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் என் குஷன்களைப் பார்ப்பார். ஆகவே நான் இப்போது கிணற்றடியிலிருந்து வேலையைத் தொடங்குகிறேன். பாசியைத் தேய்த்தெடுத்து, கட்டுக்கு வெள்ளை அடித்து, புதுக் கயிறும் வாளியும் வைப்பேன். சுனாமி கேள்விக்குச் சொந்தக்காரரிடம் கேட்டு, உண்மையான அளவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வேன்.

குடும்பப் படம், சாமிப் படம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று அங்கே படிப்பிக்கிறார்கள். அதைப்பற்றி நான் நிறைய யோசித்தேன். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் வீடு பார்க்க வருகிற ஊர் இது. சாமியறையை ஒருவர் படிக்கிற அறையாகவும், ஒருவர் தொழுகிற இடமாகவும் நினைத்துப் பார்க்க இடம் விட வேண்டும், அது சரி. ஆனால் உவர்மலையில் ஒரு அம்மா, எண்பத்தாறு வயது, மாலை போட்ட தன் கணவரின் படத்தைக் கழற்ற விடமாட்டேன் என்றார். அவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், விற்கிற நாள் வரை அது அவருடைய வீடு. படத்தை விட்டுவிட்டு, மாலையை மட்டும் அவரிடமே கேட்டுப் புதிதாக மாற்றினேன். வீடு விற்றது. படம் தடுக்கவில்லை.

இனி நான் யாரிடமும் சொல்லாத ஒன்று.

இரண்டாம் வருடம், அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில். வடக்குச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பூஞ்சணம் பிடித்திருந்தது. "அலுமாரியை அதில் சாத்தி வையுங்கோ" என்றார். வைத்தேன். மேலே ஒரு பூச்சாடியும் வைத்தேன். படம் அழகாக வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியரும் மனைவியும் வாங்கினார்கள், சேமிப்பு முழுவதையும் போட்டு. நான் அலுமாரியைத் திருப்பி எடுக்கப் போன நாளில் அந்த ஐயா பக்கத்தில் நின்றார். அலுமாரி நகர்ந்ததும் சுவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளை, கவனமாத் தூக்குங்கோ" என்றுமட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அடுத்த வாரம் மேசனைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வேலையில் கிடைத்த காசு முழுவதையும் அந்தச் சுவருக்கே செலவழித்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தேன்: பழுதை மறைக்க என் சாமான் பயன்படாது. விற்ற விலையில் இத்தனை வீதம் தருகிறேன் என்று தரகர்கள் இரண்டு பேர் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். விலையில் பங்கு வாங்கினால் அலுமாரியைச் சுவரில் சாத்த என் கையே போகும். இப்போது வீட்டைப் பார்த்து ஆலோசனை சொல்ல ஒரு கட்டணம், முதல் முப்பது நாளுக்குச் சாமான், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு தொகை, அதன் பிறகு மாத வாடகை. சின்னப் பட்டா லொறியிலிருந்து சாமான் இறங்க முன்னமே முதல் தொகை கைக்கு வந்துவிட வேண்டும். வீடு விற்ற பிறகு தருகிறேன் என்றவர்களிடம் நான் இரண்டு தரம் ஏமாந்திருக்கிறேன்.

இந்தக் கண்டிப்பால் வேலை குறையும் என்று பயந்தேன். ஆனால் காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசு ஐயா தன்னிடம் வருகிறவர்களை என்னிடம் அனுப்பத் தொடங்கினார். "அந்தப் பிள்ளை செய்த வீடு என்றால் சுவரைத் தட்டிப் பார்க்கத் தேவையில்லை" என்று யாரிடமோ சொன்னாராம். விளம்பரத்துக்குச் செலவழித்த காசெல்லாம் இந்த ஒரு பேச்சுக்கு ஈடாகாது.

ஆனால் வீடு விற்பனையை மட்டும் நம்பி இங்கே வருடம் முழுக்க ஓட முடியாது. ஐப்பசி தொடங்கித் தை வரை மழை, அப்போது யாரும் வீடு பார்க்க வருவதில்லை. உப்புவெளி, நிலாவெளி விருந்தினர் விடுதிகள்தான் என்னைக் காப்பாற்றுகின்றன. மே மாதம் சீசன் தொடங்க முன் அறைகளைத் திருத்தி, படம் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். இந்த வருடம் நிலாவெளியில் ஒன்பது அறை. என் சாமானை வாடகைக்கு விடுகிறாயா என்று கேட்டார்கள். ஐந்து மாதம் அங்கே மாட்டிக்கொண்டால் இங்கே வீடுகளுக்கு என்ன கொண்டுபோவேன்? சாமானை நீங்களே வாங்குங்கள், தெரிந்து எடுத்து அடுக்கித் தருவதற்குக் கூலி தாருங்கள் என்று பேசி முடித்தேன்.

சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். ஒருவர் தையல், மற்றவருக்குக் கண் அப்படியொரு கண். ஒரு கதிரையை அரை அடி நகர்த்தி அறையையே மாற்றிவிடுவார். போன வருடத்திலிருந்து இருவருக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறேன், அவர்கள் பங்கு 8 வீதம், என் பங்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நான் இன்னும் 3. மாதக் கடைசியில் அந்தக் காசைக் கட்டும்போது கை நடுங்கத்தான் செய்கிறது. ஆனாலும் கட்டுகிறேன். என் அம்மா இருபது வருடம் மற்றவர் வீடுகளுக்குத் தைத்துக் கொடுத்து, ஒரு சதம் சேமலாபம் இல்லாமல் ஓய்ந்தவர்.

உன் வீட்டுக்கு வருகிறேன். சாமியறைக்கும் குளியலறைக்கும் நடுச்சுவர் ஈரம். உள்ளே குழாய் கசிகிறது என்று மேசன் சொல்கிறார். டைல்ஸ் உடைத்துத்தான் பார்க்க வேண்டும், மூன்று கிழமை ஆகும். பங்குனி வெயிலில் செய்தால் சித்திரைக்குள் சுவர் காயும். அதற்கு முன் ஒரு படமும் எடுக்க மாட்டேன். நீ அவசரம் என்று எழுதியிருந்தாய். பொறுத்துக்கொள். என் கட்டணம் எல்லாருக்கும் போலத்தான், குறைக்கவில்லை. அந்த இரண்டு பேரின் சம்பளம் அதில் இருக்கிறது.

மற்றப்படி வீடு நன்றாக இருக்கிறது. பின்வேலி விழுந்த இடத்தால் மான் வந்து அம்மாவின் செவ்வரத்தையை மொட்டையாக்கியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீர், குடித்துப் பார்த்தேன். காலை வெயில் விறாந்தையில் விழுகிறது, படம் எடுக்க அந்த நேரம்தான் சரி.

அந்த விறாந்தையில் ஊஞ்சல் பலகை அப்படியே தொங்குகிறது. தொழிலாகப் பார்த்தால் அது இருப்பது நல்லது, வருகிறவர் கட்டாயம் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பார். ஆனால் வீட்டோடு விற்றால் அது போய்விடும். கழற்றி என் வீட்டில் வைக்கவா, விடவா? அண்ணா உன்னிடம் கேட்கச் சொன்னார். முன்பூட்டை உடைக்க வேண்டிவரும், அதற்கும் சேர்த்துப் பதில் போடு.

அன்புடன்
வசந்தி