வலது காதுக்காக ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

எட்டு மாதமாக என் வலது காதுக்குள் கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். உஷ்... உஷ்... பகலில் தையல் மெஷின் இரைச்சலில் தெரியாது. ராத்திரி தலையணையில் சாய்ந்தால் போதும், ஆரம்பித்துவிடும். அது நின்று ஒரு மாதம் ஆகிறது.

முதல் நன்றி, அரசு மருத்துவமனைக் காது மூக்கு தொண்டைப் பிரிவு டாக்டரம்மாவுக்கு. அதற்கு முன் போன இடத்தில், "நரம்புத் தளர்ச்சி, பழகிக்கோங்க" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். நீங்கள்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் கேட்கிறப்பல்லாம் மேசையைத் தட்டுங்க" என்றீர்கள். தட்டினேன். நாடியும் தட்டும் ஒன்றாகவே போயின. காதில் அழுக்கு இல்லை, ஜவ்விலும் குறையில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டீர்களே, காதுக்கும் அதற்கும் என்னம்மா சம்பந்தம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மன்னித்துவிடுங்கள்.

ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். ரத்தம் நீர்த்துப் போனால் இதயம் வேகவேகமாகத் தள்ளும், காதை ஒட்டிய குழாய்களில் ஓடும் அந்த இரைச்சல்தான் கேட்கிறது என்று சொன்னீர்கள். ரத்தக்குழாயில் வேறு கோளாறு இல்லை என்று ஸ்கேனிலும் பார்த்த பிறகே மகளிர் பிரிவுக்கு அனுப்பினீர்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. மாதம் பத்து நாள் உதிரப்போக்கை, இந்த வயதில் அப்படித்தான் என்று வருஷக்கணக்கில் நானே விட்டுவைத்திருந்தேன்.

இரும்புச்சத்து டிரிப் ஏற்றும்போதெல்லாம் பேச்சுக்கொடுத்து பயம் போக்கிய நர்ஸ் அக்காவுக்கு நன்றி. மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது என்று தெரிந்ததும், பதினோரு மணி டீயை எனக்கு மட்டும் நிறுத்தி எலுமிச்சைச் சாறு நீட்டிய கடைத் தோழிகளே, அன்று திட்டியதை மறந்துவிடுங்கள். இப்போது 11.4. கட்டியை எடுக்கத் தேதியும் கொடுத்தாகிவிட்டது.

அப்புறம், காதுச் சத்தம் அமுங்கட்டும் என்று மார்கழிக் குளிரிலும் ஃபேனை ஐந்தில் ஓடவிட்டு, போர்வைக்குள் சுருண்டு கிடந்த என் வீட்டுக்காரருக்கு: இனி இரண்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.