யுரேகா என்றால் குளியல் தொட்டி மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆர்க்கிமிடீஸ் கட்டுரையை என் பேத்தி சத்தமாக வாசிக்கக் கேட்டேன். அரசனின் தங்கக் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தவர் தொட்டியில் இறங்கினார், தண்ணீர் வழிந்தது, கிரீடம் வெளியே தள்ளும் தண்ணீரை அளந்தாலே போதும் என்று தோன்றியது, 'யுரேகா, யுரேகா' என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினார், அதோடு கட்டுரை முடிந்துவிட்டது. நாங்கள் பள்ளியில் படித்ததும் இதே கதைதான். 'கண்டுபிடித்துவிட்டேன்' என்கிற அந்தக் கிரேக்கச் சொல் அதற்கப்புறம் எங்கெல்லாம் போனது என்று யாருமே பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

முதலில் அந்தக் கதையையே கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். அதை எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், அதுவும் ஆர்க்கிமிடீஸ் இறந்து சுமார் 200 ஆண்டு கழித்து. ஆர்க்கிமிடீஸ் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் தொட்டியும் இல்லை, கூச்சலும் இல்லை. கிரீடம் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம்: சுத்தத் தங்கமாக இருந்தால் சுமார் 52 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும், 300 கிராம் தங்கத்தை எடுத்துவிட்டு அதே எடைக்கு வெள்ளியைக் கலந்திருந்தால் சுமார் 65. கிரீடம் முழுகுகிற மாதிரி 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரம் எடுத்தால் நீர்மட்டத்தில் வரும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் அதை எப்படி அளப்பது? 1586இல், 22 வயதில், கலிலியோ இந்த முறையை நம்ப முடியாது என்று சொல்லி, தண்ணீருக்குள் எடைபோடும் தராசு ஒன்றை விவரித்து எழுதினார். எளிமையாகச் சொன்னால், ஒரு பக்கம் கிரீடத்தையும் மறுபக்கம் அதே எடைக்குத் தங்கக் கட்டியையும் தொங்கவிட்டு இரண்டையும் தண்ணீரில் அமிழ்த்தினால், கலப்படக் கிரீடம் 13 கிராம் அளவுக்கு இலேசாகி மேலே எழும். சாதாரணத் தராசிலேயே தெரிந்துவிடும். இதைப் பிள்ளைகள் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம், ஓட்டக் கதையைவிட எவ்வளவோ மேல்.

ஆர்க்கிமிடீஸின் வாரிசு மாதிரி அந்தச் சொல்லைச் சொன்னவர் என்றால் எனக்கு ஜெர்மன் கணித மேதை காஸ்தான் நினைவுக்கு வருகிறார். 1796 ஜூலை 10 அன்று, 19 வயதில், தன் குறிப்பேட்டில் கிரேக்க எழுத்தில் 'யுரேகா' என்று எழுதி, எந்த முழு எண்ணையும் மூன்று முக்கோண எண்களின் (1, 1+2=3, 1+2+3=6 என்று போகிறவை, 0-வும் சேர்த்தி) கூட்டலாக எழுதலாம் என்பதைச் சுருக்கமாகக் குறித்திருக்கிறார். 17 என்றால் 10, 6, 1. பேத்தியிடம் சொன்னேன், அன்று ராத்திரி வரை கூட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் பூமியில் பொன் கிடைத்த பிறகு அந்தச் சொல்லின் குணமே மாறிவிட்டது. கலிஃபோர்னியாவில் 1848 ஜனவரியில் தங்கம் அகப்பட்டது, மறு வருஷமே மாநில முத்திரையில் 'யுரேகா' ஏறிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் அடுத்த இருபது சொச்ச ஆண்டுகளில் நோயாலும் பசியாலும் கொலையாலும் பெருமளவில் அழிந்துபோனார்கள். அந்த முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் முன்னால் நிற்கிறது.

என் மனதுக்கு நெருக்கமானது ஆஸ்திரேலியாவின் பல்லாரட். அங்கே தங்கம் தோண்டியவர்கள், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உரிமத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், போலீஸ் திடீர் திடீரென்று வந்து சீட்டைக் காட்டு என்று பிடிக்கும், ஆனால் ஓட்டுரிமை மட்டும் கிடையாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள் உரிமங்களைத் தீயில் போட்டார்கள், நீலத் துணியில் வெள்ளைச் சிலுவையும் நட்சத்திரங்களும் வைத்த கொடியை ஏற்றி, யுரேகா என்று பெயர்பெற்ற பகுதியில் மரக்கட்டைகளால் அரண் கட்டினார்கள். 1854 டிசம்பர் 3, ஞாயிறு விடிகாலை, படை உள்ளே புகுந்தது. சண்டை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை, தோண்டியவர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ராஜத் துரோக வழக்கில் 13 பேரை நிறுத்தினார்கள், நடுவர் குழுவினர் ஒருவரைக்கூடத் தண்டிக்கவில்லை! அப்புறம் மாத உரிமம் போய் வருஷத்துக்கு ஒரு பவுண்டு என்றாகி, கூடவே ஓட்டுரிமையும் வந்தது. சண்டையில் காயம்பட்டுக் கையை இழந்த தலைவர் பீட்டர் லாலர் மறு வருஷமே சட்டமன்றத்துக்குப் போனார். அந்தக் கொடியின் மிச்சம் இன்னமும் பல்லாரட்டில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 'யுரேகா' என்று சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் போராட்டம்தான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் தாராளமாகப் புரியும். டிசம்பர் 3 அன்று மாணவர் பக்கத்தில் பல்லாரட்டைப் பற்றி அரைப் பக்கமாவது போடுங்கள், கொடியின் படத்தோடு. இடம் மிச்சமிருந்தால் அந்தத் தராசுச் சோதனையையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்