மாகாண சபைத் தேர்தல் குறித்துத் திருமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் நால்வருக்கும்,

வணக்கம்.

சிறுபான்மையினருக்கு உரிமை தரும் சட்டமொன்றைக் கொண்டுவந்தால் நன்றிக்கடனாக அவர்களது வாக்கு வந்து விழும் என்றே கட்சிகள் கணக்குப் போடுகின்றன. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி மாகாண சபைகளுக்கு வழி திறந்தது. மேடைதோறும் பேசப்படுவது அதுவே. மறு ஆண்டில் வந்த 15ஆவது திருத்தத்தையோ எவரும் நினைப்பதில்லை. ஆசனம் பெற ஒரு கட்சி மாவட்டத்தில் எடுக்கவேண்டிய குறைந்தபட்ச வாக்கான வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாக இறக்கி, சிறு கட்சிக்கு இடும் வாக்கு வீணாகாது என்ற துணிவைத் தந்தது அதுதான். 1989இல் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களுடன் பாராளுமன்றம் புகுந்தது. (4 ஆசனங்களே உள்ள நம் மாவட்டத்தில் 5 வீதம் மட்டும் ஆசனம் தராது என்பது வேறு கதை.)

2017இல் நடந்தது இதற்கு நேர்மாறு. மாகாண சபைத் தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 வீதம் என்று நல்ல நோக்கோடு வந்த சட்டமூலத்தில், பாராளுமன்றக் குழுநிலை விவாதத்தின்போது, விகிதாசாரத் தேர்தல் முறையையே தொகுதியும் கலந்த முறையாக மாற்றும் திருத்தங்கள் புகுத்தப்பட்டன. புதிய முறைக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்குமின்றி, எதிராக 139 வாக்குகளுடன் தோற்றது; பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல் தேர்தல் முடங்கியது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல்; அப்போது 18 வயதை எட்டாதவர்கள் இன்றுவரை அதற்கு வாக்களித்ததில்லை.

சில வாரங்களுக்கு முன் மாகாணத் திணைக்களமொன்றின் விறாந்தையில், ஆசிரியையான மகளின் இடமாற்றக் கடிதத்தைப் பொலித்தீன் உறையில் மடித்து வைத்தபடி, சம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த தாயொருவர் காத்திருந்தார். "ஆரப் பிடிச்சாத் தம்பி இது சரிவரும்?" என்று கேட்டார். சபை இல்லை, அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருக்கிறது. ஆகவே கொழும்பில் ஆளுங்கட்சிக்கு நெருக்கமான ஒருவரைத்தான் அவர் தேடுவார். அடுத்த தேர்தலில் அவரது வாக்கும் அங்கேயே போகும். அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. சபை இருந்த காலத்தில் சிபாரிசு இருக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, ஆனால் சிபாரிசு செய்தவரை வாக்கால் வீட்டுக்கு அனுப்பவும் முடிந்தது.

பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த இடமளிக்கும் திருத்தமொன்றை, பெண்களுக்கான 30 வீதத்தைக் கைவிடாமல், நீங்கள் நால்வரும் கட்சி பேதமின்றிச் சேர்ந்து முன்மொழிய வேண்டும் என்றும், எந்த அமர்வில் முன்மொழிவீர்கள் என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாக்காளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை