வரியிறுப்பாளர் சங்கம், திருகோணமலை: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம். 'வந்திருக்கும்' என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதினேன்.

தைப்பொங்கல் வழக்கம்போல் சந்தியடியில் நடந்தது. சித்திரையில் ஒரு சிரமதானம், புரட்டாதியில் வாணி விழா. மாணவர்களுக்குக் கொப்பி கொடுத்தோம். நிர்வாகசபை ஒன்பது தடவை கூட்டப்பட்டது; அதில் இரண்டு, கோரம் இல்லாமல், அதாவது கூட்டம் நடத்தப் போதிய ஆள் இல்லாமல், தேநீரோடு கலைந்தது. இவ்வாண்டு எம்மைப் பிரிந்த மூன்று அங்கத்தவர்களுக்கும் அஞ்சலி.

இனி, உபவிதி விடயம், அதாவது உள்ளூராட்சி சபை தன் எல்லைக்குள் போடும் சட்டம். இதைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2023 மார்ச் 19 நள்ளிரவோடு உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர்கள் என்று எவரும் இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் எமக்கு அது நல்ல சாட்டாக இருந்தது: "யாரிட்டப் போய்ச் சொல்றது?" புதியவர்கள் பதவியேற்றதும் அந்தச் சாட்டும் போய்விட்டது.

ஆவணியில் ஆதன வரி கட்டப் போனபோது அறிவித்தல் பலகையில் கண்டேன். கட்டாக்காலி மாடுகள், குப்பை, வாய்க்காலோரக் கட்டுமானம் ஆகிய மூன்றும் அடங்கிய உபவிதி வரைபு. எழுத்தில் கருத்துச் சொல்லலாம், பின்னர் கலந்துரையாடல் உண்டு என்றிருந்தது. படம் எடுத்து எமது வட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினொரு பேர் கும்பிடும் கை போட்டார்கள். ஒருவர் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார்; அது யாருக்கென்று இன்றுவரை தெரியவில்லை.

"வர்த்தமானியில வரட்டும், பாப்பம்" என்றார் ஒரு மூத்த அங்கத்தவர். வந்த பிறகு பார்க்கத்தான் முடியும், ஐயா. உபவிதி சபையில் நிறைவேறி, மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று, அதன் பிறகே வர்த்தமானிக்குப் போகிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே அந்தப் படியில் எமக்காக வாய் திறக்க ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இல்லை. வரைபு கீழே, சபையில் கிடக்கும்போது பேசினால்தான் உண்டு.

ஏழு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். 'கொடுத்தோம்' என்பது மரியாதைக்கு.

வரைபில் 'வீதியில் அலையும் கால்நடைகளும் விலங்குகளும்' பிடித்துக் கட்டப்படும் என்றிருந்தது. எங்கள் ஊரில் பஸ் நிலையத்தடியிலும் பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் புள்ளிமான் திரிகிறது. மாட்டுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், தண்டம் கட்டி அவிழ்த்துக்கொண்டு போவான். மானுக்கு யார் தண்டம் கட்டுவது? அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. 'விலங்குகளும்' என்பதை எடுத்துவிடும்படி கேட்டோம். மானைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் குப்பைப் பகுதியில் சொன்னோம்: சோற்றுப் பார்சலைத் தெருவில் எறிந்தால் அது பொலித்தீனோடுதான் தின்கிறது, ஆகவே கடைகள் உணவுக்கழிவை மூடிய வாளியில் வைக்க வேண்டும் என்று.

வாய்க்கால் விடயத்துக்குத்தான் அதிகம் அலைந்தேன். ஐப்பசியில் தொடங்கித் தை வரை எங்கள் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்பது புதினமல்ல. ஏன் நிற்கிறது என்று காட்ட ஆதாரம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பழைய வடிகால் வரைபடத்தைக் கேட்டு விண்ணப்பித்தேன். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும், பிரதி கிடைத்தது. வரைபடத்தில் உள்ள அகலத்தைப் பார்த்தேன், நாடாவோடு போய் நிலத்தில் அளந்தேன். மிச்ச அடிகள் எங்கே போயின என்பதை எம்மில் சிலருடைய மதில்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் அதனால்தான் கலந்துரையாடலுக்கு வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கலந்துரையாடலுக்கு எமது பக்கம் நான்கு பேர். அதில் ஒருவர் என் மனைவி. நடைபாதை வியாபாரம் பற்றிப் பேச மீன் வியாபாரிகள் முப்பது பேர் வரை வந்திருந்தார்கள். அவர்களைத்தான் முதலில் பேச விட்டார்கள், அது நியாயம். எங்கள் முறை வந்தபோது ஓர் உத்தியோகத்தர், "ஐயா, நீங்க நாலு பேர்தானா சங்கம்?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, எழுதிக்கொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

திருத்திய வரைபில் 'விலங்குகளும்' இல்லை. வாய்க்கால் கோரிக்கைக்குப் பக்கத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்று குறித்திருக்கிறார்கள். நாற்பது பேர் போயிருந்தால் வேறு சொல் வந்திருக்குமோ என்னவோ.

போட்டோகொப்பிக்கும் தட்டச்சுக்கும் அனுமதியின்றிச் செலவு செய்தேன் என்று ஓர் அங்கத்தவர் தலைவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கோரம் இல்லாமல் கலைந்த கூட்டங்களில் ஒன்று, அந்த அனுமதியைக் கேட்கவே கூட்டப்பட்டது. கடிதம் எழுதியவரும் அன்று வரவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு அடித்த பெற்றோலை நான் கணக்கில் போடவில்லை, போடவும் மாட்டேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததிலும் குறைவு, செலவு ஏறத்தாழ எதிர்பார்த்தபடி, கையிருப்பு இருக்கிறது. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. மூன்று வருடமாகக் கட்டாத சிலர் வட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஆலோசனை சொல்கிறார்கள்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தட்டச்சு செய்த தங்கைக்கும், ஒலிபெருக்கி உதவிய இளைஞர்களுக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் சபையின் வரவு செலவுத் திட்ட வரைபு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதில் எங்கள் வாய்க்காலுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று யாராவது போய்ப் புரட்ட வேண்டும். எனக்கு வயது அறுபத்தெட்டு, கண்ணும் முன்போல் இல்லை. இளையவர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றால் வரைபடமும் கோப்பும் இன்றே கையளிக்கத் தயார். எவரும் முன்வராவிட்டால், சபையோர் விருப்பத்தை நான் மறுக்கப் போவதில்லை.

ரசீதுப் புத்தகத்தைப் பொருளாளரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசைப் பக்கம் நிற்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்