காகித உறைக்குள் ஒரு கோதுமைக் கதிர்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சனிக்கிழமை மாலை, பள்ளி வெளிப்பயணம் முடிந்து வந்த உங்கள் பிள்ளையின் பையில் பழுப்பு நிறக் காகித உறை ஒன்று இருந்திருக்கும். உள்ளே காய்ந்த கோதுமைக் கதிர் ஒன்று, வெளியே பிள்ளையின் கையெழுத்தில் ஓர் எண். குப்பை என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், என்னிடம் கூடுதலாகப் பத்துக் கதிர் இருக்கிறது.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், நம் சஸ்கட்டூனிலிருந்து வடக்கே பதினோராம் நெடுஞ்சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் ரோஸ்தர்ன் வந்துவிடும். பிரின்ஸ் ஆல்பர்ட் பக்கம் போகும்போது நம்மில் பலர் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போயிருப்போம். நானும் பல வருடம் தாண்டித்தான் போனேன். அந்த ஊரின் அருகே இருந்த சீகர் வீலர் என்ற விவசாயியின் பண்ணை இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். இந்தப் பருவத்தின் வெளிப்பயணத்துக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். "கோதுமை பார்க்க எதற்குப் பேருந்து, நகரத்தைத் தாண்டினாலே கோதுமைதானே" என்று ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்விதான்.

வீலர் பிறந்தது 1868 ஜனவரி 3, இங்கிலாந்தின் வைட் தீவில், கடலோரத்தில். கடற்படையில் சேர ஆசைப்பட்டார். உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினேழு வயதில், 1885இல், இங்கே உறவினர் ஒருவரின் நிலத்தில் வேலை செய்ய வந்து சேர்ந்தார். சஸ்கட்டூனுக்கு ரயில் வந்ததே 1890இல்தான். பையன் என்ன மாதிரியான இடத்துக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். முதல் ஜனவரியை இங்கே கழித்த நினைவு உங்களுக்கும் இருக்கும்.

அந்தக் காலத்தில் பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் அரசு 160 ஏக்கர் கொடுக்கும். நான் இதைச் சொன்னதுமே ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "அதுக்கு முன்னாடி அது யாருடைய நிலம், டீச்சர்?" நிலத்தை விட்டு வந்த கதை நம் குடும்பங்கள் பலவற்றில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி சட்டென்று வந்துவிடுகிறது. பூர்வகுடிகளான கிரீ மக்களும், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெட்டி மக்களும் வாழ்ந்த நிலம் என்றேன். 1876இல் பூர்வகுடிகளோடு அரசு போட்ட ஆறாம் ஒப்பந்தம் பற்றியும் சொன்னேன். வீலர் வந்த அதே 1885இல், மே மாதம், ரோஸ்தர்னுக்குப் பக்கத்திலேயே உள்ள பட்டோஷில் மெட்டி மக்கள் அரசுப் படையிடம் தோற்றுப்போனதையும் மறைக்கவில்லை. வீலர் நல்ல மனிதர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. அடுத்த வருடம் பட்டோஷுக்குப் போகலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள்.

சரி, கதிருக்கு வருகிறேன்.

இந்த மண்ணில் கோதுமைக்குப் பெரிய எதிரி உறைபனி. விதைப்பு மே மாதத்தில். ஆகஸ்ட் கடைசியிலேயே ஓர் இரவுப் பனி விழுந்தால் மணி சுருங்கிப் போகும், விலை பாதாளத்துக்குப் போகும். அப்போது எல்லோரும் விதைத்த ரெட் ஃபைஃப் வகை நல்ல மாவு தரும், ஆனால் மெதுவாகத்தான் முற்றும். ஒட்டாவாவில் சார்லஸ் சாண்டர்ஸ் என்பவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மார்க்விஸ் வகை ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே முற்றியது. அந்த ஒரு வாரத்தால்தான் பிரெய்ரி என்னும் இந்தப் புல்வெளிச் சமவெளியில் கோதுமை நம்பிச் செய்யும் தொழிலானது என்று சொன்னால் மிகையில்லை. மார்க்விஸின் பெற்றோரில் ஒன்று ரெட் ஃபைஃப். மற்றது ஹார்ட் ரெட் கல்கத்தா, பெயரே சொல்கிறது, இந்தியாவிலிருந்து வந்த கோதுமை. சீக்கிரம் முற்றும் குணம் அந்த வழியாக வந்ததுதான். இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகத்தில் வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், என்னவோ அவர்களே கப்பலில் ஏற்றி அனுப்பியது போல.

ஒட்டாவா விஞ்ஞானிகள் கொடுத்த விதையை விதைத்துவிட்டு வீலர் சும்மா இருக்கவில்லை. அறுவடைக்கு முன் வயலில் நடந்து நடந்து, நிற்கும் பயிரிலேயே சிறந்த கதிர்களைத் தேடிப் பறித்தார். குதிருக்குள் குவிந்த பிறகு எந்த மணி எந்தச் செடியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கதிரையும் தனியாகக் கையால் தேய்த்து மணி எடுத்து, அடுத்த வருடம் ஒரு கதிருக்கு ஒரு வரிசை என்று விதைத்தார். கோதுமைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. எனவே ஒரு கதிரின் பிள்ளைகள் எல்லாம் தாயைப் போலவே இருக்கும். சோம்பல் வரிசை எது, உழைக்கும் வரிசை எது என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது தெரிந்துவிடும். நல்ல வரிசையை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவார். திரும்ப அடுத்த வருடம். திரும்பவும். ஊரில் விதைநெல்லுக்கென்று கதிர் பார்த்து எடுத்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்திருந்தால் இதை உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. இப்படித்தான் மார்க்விஸிலிருந்தே இன்னும் மேலான மார்க்விஸை எடுத்தார். வெள்ளை மணி கோதுமையான பாப்ஸில் தற்செயலாகச் சிவப்பு மணியோடு வந்த ஒன்றைப் பிரித்து வளர்த்தார், ரெட் பாப்ஸ் என்ற வகை பிறந்தது.

1911இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியில் சிறந்த கோதுமைக்கு ஆயிரம் டாலர் பரிசு வைத்தார்கள், தங்கமாக. ரோஸ்தர்னிலிருந்து போன வீலரின் மார்க்விஸ் அதை வென்றது. 1918க்குள் மொத்தம் ஐந்து முறை உலகக் கோதுமைப் பரிசு அவருக்கே. கல்லூரிப் பக்கமே போகாத அவருக்கு 1920இல் குவீன்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது.

ஆனால் பரிசுக்காக நான் இவரை நினைவுகூரவில்லை. விதையை வாரி வழங்கிய வள்ளல் என்றும் எழுத மாட்டேன். விதையை விற்றார், அதுதான் அவர் பிழைப்பு. செய்முறையை மட்டும் அவர் பூட்டி வைக்கவில்லை. எப்படிக் கதிர் பார்ப்பது, எப்படி விதைப்பாத்தி வைப்பது, மண்ணின் ஈரத்தை எப்படிக் காப்பது என்று விவசாயப் பத்திரிகைகளில் எழுதினார், கூட்டங்களில் பேசினார், 1919இல் புத்தகமாகவும் போட்டார். அடுத்த வருடப் போட்டியில் எதிரே நிற்கப்போகிறவனும் அதைப் படிப்பான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? பண்ணைக்கு வந்து பார்த்தவர்களும் ஏராளம். இங்கே பழமரம் வராது என்று எல்லோரும் சொன்ன காலத்தில் காற்றைத் தடுக்க மரவரிசை நட்டு, அதன் மறைவில் ஆப்பிளும் பிளம்ஸும் வளர்த்துக் காட்டினார். அந்த மரவரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் இட்லி சாப்பிட்டார்கள். வெளியே தொப்பி பறக்கிற காற்று, உள்ளே இலை அசையவில்லை. நான் பத்து நிமிடம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு புரிந்திருக்காது.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்றும் இல்லை. அந்தக் காலத்து விவசாயிகளைப் போல அவரும் நிலத்தை ஒரு வருடம் தரிசாக விட்டு உழுது வைப்பதை நம்பினார். மூடாத மண்ணைக் காற்று எப்படி அள்ளிக்கொண்டு போகும் என்பதை 1930களின் புழுதிப் புயல்கள் காட்டின. இப்போது பெரும்பாலான பண்ணைகளில் உழாமலேயே, அறுவடைக்குப் பின் நிற்கும் தாள்களுக்கு இடையிலேயே விதைக்கிறார்கள்.

முதுமையில் அவர் பசிபிக் கரையோர விக்டோரியாவுக்குப் போய்விட்டார், 1961 டிசம்பரில் அங்கேயே காலமானார். கரும்பலகையில் நான் வயது 92 என்று எழுத, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விரல்விட்டு எண்ணி "93, டீச்சர்" என்று திருத்தினாள். குதிரை ஏர் பிடித்துத் தொடங்கியவர், மனிதன் விண்வெளிக்குப் போன செய்தியையும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இனி உறை விஷயம். கதிர்கள் பக்கத்து விவசாயி ஒருவர் தன் வயலோரத்தில் பறித்துக்கொள்ள அனுமதித்தவை. ஒவ்வொரு பிள்ளையும் தானே நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், நல்ல பதில்கள் வரும். மே மாதம் நடுவில் பள்ளிக்குப் பின்னாலுள்ள பாத்தியில் கதிருக்கு ஒரு வரிசையாக விதைப்போம். அதுவரை ஈரமும் சூடும் படாத இடத்தில் உறையை வையுங்கள். ஃப்ரிட்ஜின் மேல் வேண்டாம், அங்கே சூடு அதிகம். உறையின் மேல் எழுதிய எண் அழியக் கூடாது, அது முக்கியம்.

பதினேழாம் எண் உறை மட்டும் காலி. உரியவர் திரும்பும் வழியில் பேருந்திலேயே மணிகளை மென்றுவிட்டார். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒட்டாவாவில் சாண்டர்ஸும் மணியை வாயில் போட்டு மென்று, பசை எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் மாவின் தரத்தைக் கண்டுபிடித்தார் என்று காலையில் நானேதான் சொல்லியிருந்தேன். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "சூயிங்கம் மாதிரி ஆயிடுச்சு" என்றார். அவருக்கு வேறு கதிர் கொடுத்தாயிற்று.

அன்புடன்,
தலைமையாசிரியை