சாட்சி சொல்ல யாரைக் கூப்பிட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டைட்டானிக் கப்பல் மூழ்கியதைப் பற்றி வால்டர் லார்டு 1955-இல் எழுதிய 'எ நைட் டு ரிமெம்பர்' புத்தகத்துக்கு உங்கள் நூல் பகுதியில் வந்த வாசகர் கருத்துகளை ஒன்று விடாமல் படித்தேன். சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் பழைய காகிதம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நான் அந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்தவன். இரண்டு பக்கத்திலும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றியதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒருவர் எழுதியிருந்தார், முடிவு தெரிந்த கதையில் என்ன விறுவிறுப்பு இருக்கிறது என்று. எனக்கோ முடிவு தெரிந்திருந்ததால்தான் பக்கத்தைப் புரட்டவே கை வரவில்லை. 1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்குப் பனிமலையில் இடிக்கிறது. முன்தளத்தில் பனிக்கட்டி கொட்டிக் கிடக்கிறது, மூன்றாம் வகுப்புப் பயணிகள் சிலர் அதை எடுத்து எறிந்து விளையாடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து முதல் படகை இறக்குகிறார்கள். 65 பேர் உட்காரக்கூடிய படகு அது, போனது 28 பேர். ஏன் என்றால் கப்பலில் விளக்கு எரிகிறது, வாத்தியம் கேட்கிறது, கதகதப்பாக இருக்கிறது. கீழே இருட்டு, குளிர், கயிற்றில் ஆடுகிற படகு. நாமாக இருந்தாலும் கப்பலிலேயேதான் இருந்திருப்போம். அந்த 28 என்ற எண்ணைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறதே, அதைவிட வேறு விறுவிறுப்பு வேண்டுமா?

பெயர்கள் அதிகம், யார் யார் என்று குழம்புகிறது என்பது இன்னொரு குறை. உண்மைதான், மறுக்க மாட்டேன். முதல் தடவை படித்தபோது நானும் ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். இதில் 'லார்டு' வேறு மூன்று பேர்! எழுதியவர் வால்டர் லார்டு, பக்கத்தில் நின்றும் உதவிக்கு வராத கலிஃபோர்னியன் கப்பலின் கேப்டன் ஸ்டான்லி லார்டு, பிரிட்டனில் விசாரணை நடத்திய நீதிபதி லார்டு மெர்சி. இவருக்கு மட்டும் அது பட்டம். எழுத்தாளரும் கேப்டனும் உறவா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார், இல்லை. அந்தக் கேப்டனுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் வேறொரு உறவு உண்டு. புத்தகத்தை வைத்து எடுத்த படம் 1958-இல் வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார், தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று கப்பல் அதிகாரிகளின் சங்கத்திடம் போய் முறையிட்டார். நாம் எழுதுகிற விமர்சனமெல்லாம் அவருடைய கோபத்துக்கு முன்னால் எம்மாத்திரம்! 1992-இல் பிரிட்டிஷ் அரசு அந்த விவகாரத்தை மறுபடி ஆராய்ந்தது. கலிஃபோர்னியன் அன்றைக்கு நினைத்ததைவிடத் தள்ளித்தான் நின்றிருக்க வேண்டும், ஆனாலும் டைட்டானிக் உதவி கேட்டு விட்ட ராக்கெட்டுகளை அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று சொன்னது. பாதி நியாயம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது முக்கியமான குறைக்கு வருகிறேன். "1985-இல் கப்பலையே கடலடியில் கண்டுபிடித்துவிட்டார்கள், இந்தப் புத்தகத்தில் இருப்பது பாதி தப்பு, இதை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். தப்பு இருப்பது நிஜம். பனிமலை கப்பலின் பக்கவாட்டை 300 அடி நீளத்துக்குக் கிழித்துவிட்டதாக லார்டு எழுதுகிறார், கப்பல் முழுசாகவே மூழ்கியதாகவும் எழுதுகிறார். 1985 செப்டம்பர் 1-ஆம் தேதி ராபர்ட் பல்லார்டும் ழான் லூயி மிஷேலும் சேர்ந்து நடத்திய தேடலில் கிடைத்த கப்பல் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தது, முன்பாகம் ஓரிடம், பின்பாகம் சுமார் 600 மீட்டர் தள்ளி இன்னோரிடம். 1996-இல் ஒலியலைக் கருவி வைத்துப் பார்த்தபோது நீளமான கிழிசல் எதுவும் தெரியவில்லை, ஆறு மெல்லிய பிளவுகள்தான் இருந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் பரப்பு சுமார் 12 சதுர அடி. வீட்டு வாசல் கதவுகூட அதைவிடப் பெரியது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, புது விஞ்ஞானம் பழைய புத்தகத்தைத் தோற்கடித்துவிட்டது" என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த 12 சதுர அடி என்ற கணக்கு 1912-லேயே சொல்லப்பட்டுவிட்டது! கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வில்டிங் மெர்சியின் விசாரணையில் வந்து, தண்ணீர் உள்ளே ஏறிய வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ஓட்டையின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ இவ்வளவுதான் இருக்க முடியும், அவ்வளவு நீளத்துக்கு ஒரே கிழிசல் என்றால் அகலம் ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் வரும் என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய கப்பலை இவ்வளவு சின்ன ஓட்டையா மூழ்கடித்தது என்று நம்ப யாருக்கும் மனம் வரவில்லை போல. 300 அடிக் கதைதான் ஊரெல்லாம் பரவியது, லார்டின் புத்தகத்துக்கும் அதுவே போய்ச் சேர்ந்தது.

கப்பல் உடைந்த விஷயமும் அப்படியே. பிழைத்தவர்களில் பலர் கப்பல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று அப்போதே சொன்னார்கள், பதினேழு வயது ஜாக் தேயர் உட்பட. கப்பலின் இரண்டாம் அதிகாரி சார்லஸ் லைட்டோலரோ இல்லவே இல்லை, முழுசாகத்தான் போயிற்று என்றார். விசாரணையோ அந்தக் கப்பல் அதிகாரியின் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டது. 73 வருஷம் கழித்துக் கடலடியில் கேமரா போன பிறகுதான், இருட்டில் படகில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே பார்த்தவர்கள் சொன்னது சரி என்று ஆயிற்று.

ஆக, லார்டு புத்தகத்தில் இருக்கிற இந்தப் பிழைகள் வெறும் தகவல் பிழைகள் இல்லை என்பது என் எண்ணம். அன்றைக்கு யார் சொன்னால் நம்பினார்கள், யார் சொன்னதைத் தள்ளினார்கள் என்பதன் தடயம் அவை. அவர் பிழைத்தவர்களில் 60-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பேசியிருக்கிறார், 43 வருஷம் கழித்து! அது சின்ன வேலை இல்லை. அவர் மட்டும் அன்றைக்குக் கேட்டிருக்காவிட்டால் பல பேருடைய நினைவு அவர்களோடேயே போயிருக்கும். ஆனால் கேட்பதற்கு உயிரோடு இருந்தவர்கள்தானே வாய் திறக்க முடியும். வாத்தியக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வாசித்தது எந்தப் பாட்டு என்று உங்கள் பக்கத்திலேயே சண்டை நடக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த 'நியரர், மை காட், டு தீ' என்ற தேவாலயப் பாடலை விட்டுவிட்டு 'ஆட்டம்' (Autumn) என்ற வேறொரு தேவாலயப் பாடலை லார்டு எழுதிவிட்டார் என்று ஒருவருக்கு வருத்தம். அவர் அதை இட்டுக்கட்டவில்லை, கம்பியில்லாத் தந்தி இயக்குநர் ஹரோல்ட் பிரைடு சொன்னதை எடுத்துக்கொண்டார். பின்னால் 1986-இல் எழுதிய இன்னொரு புத்தகத்தில், பிரைடு சொன்னது தேவாலயப் பாடலாக இல்லாமல் அந்தக் காலத்து வால்ட்ஸ் நடன மெட்டாக இருக்கலாம் என்று தானே மாற்றிக்கொண்டார். வாசித்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், வாலஸ் ஹார்ட்லியும் கூட இருந்த ஏழு பேரும், எட்டுப் பேருமே போய்விட்டார்கள்.

வில்லன் யார் என்று புத்தகம் சொல்லவில்லை என்பதும் ஒரு குறையாம். கப்பல் கம்பெனித் தலைவர் புரூஸ் இஸ்மே படகில் ஏறித் தப்பித்ததை இன்னும் காரசாரமாகத் திட்டியிருக்க வேண்டுமாம். அவர் ஏறாமல் இருந்திருந்தால் இன்னோர் உயிர் கூடுதலாகப் போயிருக்கும், அவ்வளவுதான் என்று மெர்சியே எழுதிவிட்டார். திட்டுவதென்றால் முதலில் அந்தச் சட்டத்தைத் திட்டலாம். 1894-இல் போட்ட விதியில் 10,000 டன்னுக்கு மேல் எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் 16 படகு போதும் என்று இருந்தது. டைட்டானிக் 46,000 டன்னுக்கும் மேல். 16-க்குப் பதிலாக 20 படகு வைத்திருந்ததால் சட்டப்படி அது தேவைக்கு அதிகமாகவே வைத்திருந்த கப்பல்! இருபதிலும் சேர்த்து 1,178 பேருக்கு இடம், கப்பலில் இருந்தது சுமார் 2,200 பேர், பிழைத்தது 700 சொச்சம்.

என்னுடைய குறை வேறு. மெர்சி விசாரணைக் கணக்குப்படி முதல் வகுப்புப் பெண்களில் 97 சதவீதம் பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்புப் பெண்களில் 46 சதவீதம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 34 சதவீதம், முதல் வகுப்பு ஆண்களில் 33. 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்று முழங்கிய கப்பலில், கீழ்த்தளத்துக் குழந்தைக்கும் மேல்தளத்து ஆணுக்கும் கிடைத்த வாய்ப்பு ஏறக்குறைய ஒன்று. அப்புறம் அதே விசாரணையில் சாட்சி சொல்ல வந்த பயணிகள் யார் என்று பாருங்கள். இஸ்மே, சர் காஸ்மோ டஃப் கோர்டன், அவர் மனைவி. அவ்வளவுதான். அந்தத் தம்பதி போன படகில் 40 பேருக்கு இடம் இருந்தது, போனது 12 பேர், அதிலும் ஏழு பேர் கப்பல் ஊழியர்கள். அந்த ஊழியர்களுக்கு ஆளுக்கு ஐந்து பவுண்டு கொடுத்தது ஏன் என்று கேட்கத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்புக்காக வாதாட ஒரு வழக்கறிஞர் இருந்தார், பாரபட்சம் நடந்ததாக எந்தச் சாட்சியமும் இல்லை என்று அவரும் சொல்லிவிட்டார். எப்படி இருக்கும்? மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லையே. அமெரிக்காவில் செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித் நடத்திய விசாரணையிலாவது மூன்று பேரைக் கேட்டார்கள்.

லார்டுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இந்த அநியாயத்தை 1955-லேயே அவர் புத்தகத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். உங்கள் பக்கத்தில் எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த இடத்தைத் தொடவில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். ஆனால் அதைச் சுட்டிக்காட்டிய அவரே மறுபடி மேல்தளத்துக்குப் போய்விடுகிறார். கோடீஸ்வரர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள், யார் யாரிடம் என்ன சொல்லி விடைபெற்றார்கள் என்பதெல்லாம் வரி வரியாக வருகிறது. கீழே நடைபாதைகளில் வழி தெரியாமல் நின்றவர்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள், பெயரோடு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். சொல்வதற்கு அங்கிருந்து பிழைத்து வந்தவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். செய்தித்தாள்களும் அப்போது அவர்களைத் தேடிப் போகவில்லை என்பது இன்னொன்று. புத்தகம் பழசு என்று தள்ளுகிறவர்களும் சரி, இதுதான் டைட்டானிக்கின் முழுக் கதை என்று நம்புகிறவர்களும் சரி, இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் புத்தகத்தைப் புதிதாகத் தமிழில் கொண்டுவர நினைக்கும் பதிப்பாளர் யாராவது உங்கள் பக்கத்தைப் படித்தால், 300 அடியையும் முழுசாக மூழ்கியதையும் உள்ளே கைவைத்துத் திருத்திவிட வேண்டாம், மூலத்தில் உள்ளபடி விட்டுவிட்டு அடிக்குறிப்பில் இன்றைய தகவலைப் போடட்டும். அப்புறம் நான் படித்த பதிப்பில் பின்னால் பயணிகள் பட்டியல் இருந்தது. பக்கம் மிச்சம் பிடிக்கலாம் என்று முதலில் கத்தரி விழுவது அங்கேதான். அதை எடுக்காமல், மூன்றாம் வகுப்புப் பெயர்களையும் சேர்த்து முழுசாகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்